தீர்த்த கங்காவுக்குப் போன குங்குமச் சிமிழ்

பெங்களூரு விமான நிலையத்தில் சோதனைக்கு நின்ற பெண் காவலர், அண்ணியின் கைப்பையிலிருந்து ஒரு வெள்ளிக் குங்குமச் சிமிழை எடுத்துத் திருகித் திறந்தார். உள்ளே குங்குமம் இல்லை. சாம்பல் நிறத்தில் ஏதோ பொடி இருந்தது.

"இதென்ன, விபூதியா?" என்று கன்னடத்தில் கேட்டார்.

"ஹௌது மேடம்" என்றார் அண்ணி, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

காவலர் மூடியைத் திருகிச் சிமிழைக் கண்களில் ஒற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். விபூதி மாவு போல இருக்கும். இந்தப் பொடியில் வெள்ளை வெள்ளையாகத் துணுக்குகள் கிடந்ததை நான் பார்த்துவிட்டேன். அண்ணியின் கையைப் பிடித்து ஒரு மூலைக்கு இழுத்துப் போனேன்.

"அண்ணி, அது அண்ணனா?"

"மெதுவா பேசு மல்லி. எல்லாரும் பாக்கறாங்க."

அண்ணன் இறந்து வருஷத் திதியும் முடிந்துவிட்டது. பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவர். காலை ஷிஃப்டுக்குக் கிளம்பிக் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்தவர், கேட் வந்தும் எழுந்திருக்கவில்லை. சந்தாபுராவில் அண்ணன் வீடும் எங்கள் வீடும் ஒரே அபார்ட்மெண்டில் அடுத்தடுத்த பிளாக். அங்கிருந்த நீச்சல் குளத்தில்தான் அவர் நாற்பது வயதுக்கு மேல் நீந்தக் கற்றுக்கொண்டார். தான் கற்றதோடு நிற்காமல், எனக்கும் விடாப்பிடியாகக் கற்றுக் கொடுத்தார். அண்ணியை மட்டும் அவரால் தண்ணீரில் இறக்க முடியவில்லை. அண்ணி கரையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பட்டாணி உரித்துக்கொண்டே எங்களை வேடிக்கை பார்ப்பார்.

அப்புறம் போர்வெல் வற்றிப்போனது. குடிக்கிற தண்ணீருக்கே லாரி வர வேண்டும் என்ற நிலையில் குளத்தைக் காயப் போட்டார்கள். அந்தக் கோடையில்தான் அண்ணன் செல்போனில் பாலித் தீவின் தீர்த்த கங்காவைக் கண்டுபிடித்தார். ஒரு ராஜா கட்டிய நீர்த் தோட்டம், ஊற்றுத் தண்ணீர் ஓடி நிறைகிற கல் குளங்கள், யார் வேண்டுமானாலும் நீந்தலாம். "க்ளோரின் வாசனையே இருக்காதாம் மல்லி" என்று அந்த வீடியோவை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். பாஸ்போர்ட்கூட எடுத்தார். அதில் ஒரு முத்திரைகூட விழவில்லை.

திதி முடிந்த மறுவாரம் அண்ணி என்னிடம் வந்து, "உனக்கு ஸ்கூல் லீவ்தானே, அவர் சொன்ன குளத்துல போய் நீ நீந்து, நான் கரையில உக்காந்து பாக்கறேன்" என்றார். அப்படித்தான் நாங்கள் கிளம்பினோம். சிமிழைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

விமானம் ஏறிய பிறகுதான் சொன்னார். மின் மயானத்தில் கொடுத்த அஸ்திக் கலயத்தை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று, ஜெனரேட்டர் ஷெட் பக்கத்துப் புங்க மரத்தில் கட்டி வைத்திருந்தார்கள். விடியற்காலையில் சித்தப்பா எழுந்திருப்பதற்குள் அண்ணி போய்க் கொஞ்சம் எடுத்துக்கொண்டிருக்கிறார். போட்டு வைக்கக் கையில் கிடைத்தது இந்தச் சிமிழ்தான். "இனிமே அதுல வேற என்னத்த வெக்கப் போறேன்" என்றார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அஸ்தி கரைக்கப் போனபோது ஆண்கள்தான் காவிரிக்குள் இறங்கினார்கள். பொம்பளைங்க வேனிலேயே இருங்க என்று சித்தப்பா சொல்லிவிட்டார். வேன் ஜன்னலிலிருந்து ஆறு தெரியவில்லை.

"அங்க போய் என்ன பண்ணப் போறீங்க?"

"அந்தத் தண்ணில விடப் போறேன். பேரே கங்கா. கங்கைல கரைக்கறது தப்பா?"

வேறு நாடு, ஏதாவது சட்டம் இருக்கும், மாட்டிக்கொண்டால் நான் பாடம் நடத்துகிற பள்ளிக்கூடத்தில் என் மானம் போகும் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனால் அண்ணன் ஆசைப்பட்ட தண்ணீர், அதன் பெயரும் கங்கை. யோசித்தால் எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. கோபத்துக்கு உண்மையான காரணம் வேறு. அவர் எனக்கும் அண்ணன்தானே, என்னிடம் சொல்லியிருந்தால் நானும் ஒரு பிடி கேட்டிருப்பேனே என்று இருந்தது.

முதல் நாள். பாலி விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் சென்னை வெயில், சென்னைப் புழுக்கம். எங்களுக்காகக் காத்திருந்த டிரைவர் பெயர் காடெக். முப்பது வயது இருக்கும், கழுத்தளவு முடி, அதிகம் பேசமாட்டார். காரின் முன்பக்கம் தென்னங்குருத்தில் முடைந்த சின்னப் படையல் தட்டு, அதில் பூ, ஒரு பிஸ்கட், எரிந்து முடிந்த ஊதுவத்தி. கடைவாசல், பாலத்தின் முனை, ஏ.டி.எம். படிக்கட்டு என்று ஊர் முழுக்க இந்தத் தட்டுகள்தான். மிதிக்காமல் நடப்பதே ஒரு வேலையாக இருந்தது.

கிழக்குப் பக்கம் கடலோரச் சிற்றூர் ஒன்றில் தங்கினோம். வீட்டுக்காரப் பெண் வாழையிலையில் நடுவே சோறு வைத்து, சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பயற்றங்காய்த் தேங்காய்ப் பொரியல், வறுத்த வேர்க்கடலை, குச்சியில் சுற்றிச் சுட்ட மீன், பச்சை வெங்காயமும் மிளகாயும் எலுமிச்சைப் புல்லும் நறுக்கி எண்ணெய் ஊற்றிய சம்பல் என்று அடுக்கினார். அண்ணி பொரியலை எடுத்து வாயில் போட்டு, மென்று, "பெருங்காயம் இல்ல. மத்தபடி நம்ம ஆளுங்கதான்" என்று சான்றிதழ் கொடுத்தார். ஒரு வருஷமாகத் தட்டில் பாதியை மிச்சம் வைத்தவர், அன்று சம்பல் இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார். காபியில் மட்டும் தூளை வடிகட்டாமல் தருகிறார்கள். தெரியாமல் கடைசி வாய் வரை குடித்து நான் மண்டியை மென்றேன்.

இரண்டாம் நாள் தீர்த்த கங்காவுக்குக் கிளம்பினோம். போய்ச் சேரவில்லை.

பாதி வழியில் ஒரு கோயில் ஊர்வலம். வெள்ளைச் சட்டை ஆண்கள், தலையில் பழக் கோபுரம் சுமந்த பெண்கள், ஜால்ராவும் வெண்கலத் தாளமும். காடெக் என்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்தார். எங்களுக்கு முன்னே ஒரு லாரி, பின்னே பத்துப் பதினைந்து வண்டி. ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை. ஓசூர் ரோட்டில் ஆம்புலன்ஸ் பின்னாலேயே ஹாரன் அடிக்கிற ஊரிலிருந்து போனவர்களுக்கு அந்த மௌனம் காதை அடைத்தது.

ஊர்வலம் போன பிறகு, எதிரே வந்த லாரிக்கு வழிவிடக் காரை ஓரமாக ஒதுக்கியபோது பின்சக்கரம் வாய்க்காலில் இறங்கிவிட்டது. வயலில் நின்றிருந்த நாலைந்து பேர் கூப்பிடாமலே வந்தார்கள். அதில் ஒருவர் ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். காடெக் முகம் சிவந்து மொழிபெயர்த்தார்: "கல்யாணம் நிச்சயமானதிலிருந்து என் கண் ரோட்டில் இல்லையாம்." வண்டியைத் தூக்கி மேலே வைத்துவிட்டு, அந்த வாய்க்காலிலேயே முகம் கழுவிக்கொண்டு போனார்கள். அப்படி ஒரு தெளிவு அந்தத் தண்ணீரில். அடியில் கிடந்த கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிந்தது.

"நீங்கள் போகிற இடத்திலிருந்து வருகிற தண்ணீர்தான்" என்றார் காடெக். "முதலில் கோயில், பிறகு குளம், அப்புறம் இந்த வயல்கள், ஊர்."

அண்ணி வாய்க்காலோரம் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு மழை கொட்டத் தொடங்கியது. திரும்பிவிட்டோம்.

மூன்றாம் நாள் வானம் வெளுத்திருந்தது. தீர்த்த கங்காவின் வாசலில் மீனுக்குப் போடும் தீனி விற்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் வலது பக்கம் பெரிய குளம், அதற்குள் சதுரக் கற்களை வரிசையாக நட்டு வைத்திருக்கிறார்கள். கல் விட்டுக் கல் தாண்டி, தண்ணீரின் மேலேயே நடந்து போகலாம். காலடியில் கை நீளத்துக்குச் சிவப்பும் மஞ்சளுமாக மீன்கள். இரண்டு பக்கமும் பாசி பிடித்த கல் சிலைகள், கோரைப் பல் காட்டுகிற காவலர்கள், நடுவே தட்டுத் தட்டாக ஏறிப்போகும் நீரூற்று. எரிமலை ஒருமுறை எல்லாவற்றையும் நாசம் செய்துவிட்டது, மறுபடி கட்டினோம் என்று காடெக் சொன்னார். சொன்ன விதத்தில் அலட்டல் இல்லை.

கற்களின் மேல் ஒரே கூட்டம். எங்களுக்கு முன்னால் ஒரு ஆஸ்திரேலியக்காரர் மனைவியிடம், "கொஞ்சம் நகர்ந்து நில், அந்த இந்திய அம்மா படத்தில் வருகிறார்" என்றார். அந்த இந்திய அம்மா காதில் வாங்கவே இல்லை. தாவப் பயந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கல்லாகக் கடந்துகொண்டிருந்தார். மற்றொரு கை கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தது.

நீந்துகிற குளங்கள் மேல்புறம். கல் சுவர், கல் தரை, சுவரில் பொருத்திய கல் விலங்குகளின் வாயிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. உள்ளூர்ப் பெண்கள் சிலர் உடுத்திய துணியோடு முழுகிக்கொண்டிருந்தார்கள். நான் உடை மாற்றிக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனேன்.

திரும்பி வந்தபோது அண்ணி உட்கார்ந்த இடத்தில் இல்லை. தேடினேன். குளத்துக்கு மேலே, ஆலமரத்தின் வேரடியில் ஊற்று பிறக்கிற இடத்தில், தண்ணீரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். குளத்தில் எல்லோரும் குளிக்கிறார்கள், அதில் விட மனசு வரவில்லை, சுத்தமான இடமாகப் பார்த்துப் போனேன் என்று பிற்பாடு சொன்னார். சிமிழின் மூடி திறந்திருந்தது.

ஊற்றின் மறுகரையில் வெள்ளை ரவிக்கையும் இடுப்பில் மஞ்சள் கச்சையுமாக ஒரு பெண், ஐம்பது வயது இருக்கும், குடத்தில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார். அண்ணி சிமிழைச் சாய்க்கப் போனார். அந்தப் பெண் குடத்தை விட்டுவிட்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்து, சிமிழின் வாயைத் தன் உள்ளங்கையால் பொத்தினார்.

கத்தவில்லை. ஆனால் விட்ட பாடும் இல்லை. ஒருவர் கரையில், ஒருவர் தண்ணீரில், இரண்டு பெண்களும் ஒரே சிமிழைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஓடினேன், எனக்குப் பின்னால் காடெக் ஓடி வந்தார்.

அந்தப் பெண் விறுவிறுவென்று பேசினார். குரலில் கோபம் தெரிந்தது. காடெக் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இவர் பேத்திக்கு நாளைக்குச் சடங்கு. பிறந்ததிலிருந்து தூக்கியே வைத்திருந்த குழந்தையை முதல் தடவையாக மண்ணில் கால் பதிக்க விடுவார்கள். அதன் தலையில் தெளிக்கத்தான் தீர்த்தம் எடுக்கிறார். இறந்தவர்களின் சாம்பல் இதில் பட்டால்..."

எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போனது. நம் ஊரில் ஆறென்றால் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும். ஒரு படித்துறையில் குளியல், அடுத்த படித்துறையில் பிண்டம், அதற்குக் கொஞ்சம் தள்ளிக் குடத்தில் தீர்த்தம். அதே பழக்கத்தில், பெயரை மட்டும் நம்பி, இன்னொருவர் வீட்டுக் குழந்தையின் தலையில் விழப்போகிற தண்ணீரில் எங்கள் அண்ணனைக் கரைக்கப் போயிருக்கிறோம்.

அண்ணி சிமிழை மூடி மார்போடு வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் காலைத் தொடக் குனிந்தார். அந்தப் பெண் பதறித் தடுத்துவிட்டார். பிறகு அண்ணியின் நெற்றியைப் பார்த்தார். காடெக்கிடம் ஏதோ கேட்டார்.

"உள்ளே இருப்பது யார் என்று கேட்கிறார்."

"எங்க வீட்டுக்காரர்னு சொல்லு மல்லி" என்றார் அண்ணி. "இந்தத் தண்ணில நீந்தணும்னு ரொம்ப ஆசப்பட்டாரு. கூட்டிட்டு வர நாந்தான் இருக்கேன். அதான் எடுத்துட்டு வந்தேன். கெடுக்கணும்னு வரல."

நான் ஆங்கிலத்தில் சொல்ல, காடெக் அவர்கள் மொழியில் சொன்னார். அந்தப் பெண் பாறையில் உட்கார்ந்தார். குரல் இறங்கியிருந்தது. காடெக் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார்.

"மலையிலிருந்து வருகிற தண்ணீர் வாழ்கிறவர்களுக்கு. போனவர்கள் கடலுக்குப் போக வேண்டும். எரித்ததும் நாங்கள் சாம்பலைக் கடலுக்குத்தான் கொண்டுபோவோம்."

"கடல்ல விட்டா அவ்வளவுதானா?" என்று அண்ணி கேட்டார். "அத்தோட போயிடுவாங்களா?"

"இல்லை. அப்புறம் ஒரு நாள் எல்லோருமாகக் கடற்கரைக்குப் போய்க் கூப்பிடுவோம். கூப்பிட்டு வீட்டுக் கோயிலுக்கு அழைத்துக்கொண்டு வந்துவிடுவோம்."

அண்ணி அந்தப் பெண்ணையே பார்த்தார். "கூப்ட்டா வருவாங்களா?"

காடெக் அதை மொழிபெயர்த்ததும் அந்தப் பெண்ணுக்குக் கேள்வியே புரியவில்லை போல. இரண்டாம் தரம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அவருடைய வீடு. வராமல் எங்கே போவார்?"

தான் அதுவரை மொண்டு வைத்திருந்த தண்ணீரை அவர் மரத்தடியில் ஊற்றினார். ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்தி, கண்ணை மூடி ஏதோ சொல்லிவிட்டு, மறுபடி முதலிலிருந்து மொண்டார். குடம் நிறைந்ததும் தலையில் ஏற்றிக்கொண்டு, அண்ணியிடம் குளத்தைக் காட்டி ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டு நடந்தார். குளியுங்கள் என்கிறார் என்றார் காடெக்.

சிமிழைத் தண்ணீருக்கு எட்டாத உயரத்தில், கல்மேடையில் என் துண்டின் மேல் வைத்தேன். நான் குளத்தில் இறங்கினேன். சில்லென்று முதுகுத்தண்டு வரை ஏறியது. ஒரு கரையிலிருந்து மறு கரை வரை மூச்சு விடாமல் போனேன். கண்ணைத் திறந்தால் அடித்தரையின் பாசி தெரிந்தது, சின்ன மீன்கள் விலகிப் போவது தெரிந்தது. வாசனையே இல்லை. அண்ணன் சொன்னது நிஜம். தண்ணீருக்குள்ளேயே அழுதேன். அங்கே அழுதால் யாருக்கும் தெரியாது.

தலையைத் தூக்கியபோது அண்ணி சுடிதாரோடு படியில் இறங்கிக்கொண்டிருந்தார். இடுப்பளவு வந்ததும் நின்றுவிட்டார்.

"இவ்ளோ வருஷம் கூப்ட்டாரு, நான் எறங்கல" என்றார். "எப்படிப் படுக்கணும், சொல்லு."

"தலைய என் கையில விடுங்க. காதுல தண்ணி போகட்டும், ஒண்ணும் ஆகாது. மேல பாருங்க."

எனக்கு அண்ணன் சொல்லிக்கொடுத்த வார்த்தைகள்தான். அண்ணியின் உடம்பு முதலில் மரக்கட்டையாக விறைத்துக் கிடந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. என் கைக்கு எடையே தெரியாத ஒரு நிமிஷம் வந்தது. ஆலமரக் கிளைகளுக்கு இடையில் வானத்தைப் பார்த்தபடி மிதந்தார். உள்ளூர்ப் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். அதில் ஒருத்தி பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

ஈரத் துணியை மாற்றியதும் அண்ணியே காடெக்கிடம், "சீ, சீ" என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கடல் இருக்கிற பக்கம் கையைக் காட்டினார். அவர் தலையாட்டினார். வழியில் ஒரு கடையில் நிறுத்தி, பூத்தட்டு ஒன்று வாங்கி வந்து எங்களிடம் கொடுத்தார்.

கறுப்பு மணல் கரை. இரண்டு பக்கமும் மூங்கில் மிதவை கட்டிய மீன்பிடிப் படகுகள் வரிசையாக ஏற்றி வைக்கப்பட்டிருந்தன. வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு கிழவரிடம் காடெக் ஏதோ சொல்ல, அவர் எழுந்து போய்த் தள்ளி உட்கார்ந்துகொண்டார். முதலில் பூத்தட்டை விட்டோம். அலை அதைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டது, மறுபடி எடுத்துப் போனது.

அண்ணி சிமிழைத் திறந்து என்னிடம் நீட்டினார். "மொதல்ல நீ எடு" என்றார்.

விரல் நுனியால் ஒரு சிட்டிகை எடுத்தேன். சொரசொரவென்று இருந்தது. அலை வந்தபோது விட்டேன். மீதி எல்லாவற்றையும் அண்ணி முழங்கால் தண்ணீரில் நின்று, சிமிழை அலைக்குள் அமிழ்த்தி, விரலால் வழித்து விட்டார். ஒரு துணுக்குகூட ஒட்டவில்லை என்று வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

முடிந்தது என்று நான் கரையேறினேன். அண்ணி வரவில்லை. கடலைப் பார்த்தபடியே நின்றார். அங்கே போனவர்களைக் கூப்பிடுவதற்கென்று புரோகிதர் உண்டு, மந்திரம் உண்டு, நல்ல நாள் உண்டு, எல்லாம் இருக்கும். அண்ணிக்கு அதெல்லாம் தெரியாது. சாயங்காலம் கடைத்தெருவில் எதையோ பார்த்துக்கொண்டு நின்றுவிட்ட புருஷனைக் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டார்.

"ஏங்க, வாங்க. நேரமாச்சு. வீட்டுக்குப் போலாம்."

கொஞ்சம் நின்றார். பிறகு திரும்பி நடந்தார். காடெக் கார்க் கதவைத் திறந்து வைத்திருந்தார். அண்ணி பின் சீட்டில் ஏறி, இடம் விட்டு, ஜன்னலோரமாக நகர்ந்து உட்கார்ந்தார். நான் முன் சீட்டில் ஏறிக்கொண்டேன்.